மிதிவெடி, மாடு, ஸ்பானிஷ்

நான் கொஞ்சக் காலமா போனில ஸ்பானிஷ் படிச்சுக்கொண்டு வாறன், ஏன் எண்டு கேட்டா வடிவா ஒரு காரணமும் சொல்ல ஏலாது, ஆனா ஆப்பில வாற "பூனை பால் குடிக்குது" வசனங்கள் அலுத்துப் போய், ஏதும் உருப்படியான ஒண்டை மொழிபெயர்த்துப் பாப்பம் எண்டு யோசிச்சன். கையில கிடைச்சது மிதிவெடி பற்றின ஒரு இங்கிலீஷ் துண்டுப்பிரசுரம். வன்னியில இருக்கிற ஆளுக்கு வேற என்ன கிடைக்கும், சொல்லுங்கோ. கொலம்பியாவிலயும் உதே பிரச்சினை இருக்கு, அங்க 2016ல சமாதான ஒப்பந்தம் எழுதின பிறகும் காட்டுக்குள்ளயும் தோட்டத்துக்குள்ளயும் வெடி கிடக்குது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில அவை 2000லயே சேர்ந்திட்டினம், இலங்கை சேர்ந்தது 2017 கடைசியில. அதால அந்தப் பக்கத்துச் சனத்துக்கு எழுதிறன் எண்டு நினைச்சுக்கொண்டு தொடங்கினன்.

தலைப்பிலயே மாட்டுப்பட்டன். இங்கிலீஷில ஒரே சொல்லு, மிஸ்கொன்செப்ஷன், பிழையா விளங்கி வைச்சிருக்கிறது, அதுக்குக் கீழ மிதிவெடி பற்றிச் சனம் நம்புற பிழையான கதை எல்லாத்தையும் ஒண்டாக் குவிச்சு வைச்சிருக்கினம். டிக்‌ஷனரி தந்தது கொன்செப்தோ எர்ரோனியோ. பிழை இல்லை, ஆனா அது சயன்ஸ் வாத்தியார் வகுப்பில சொல்லுற மாதிரிச் சொல்லு, விறகுக்குப் போற ஆள் வாசிக்கிற தாளில அது எனக்குப் பிடிக்கேல்லை. கொலம்பியாவில இருந்து என்ர வசனங்களைத் திருத்தித் தாற பெட்டை ஒராள் இருக்கிறா, அவவும் அதைத்தான் சொன்னா. இதேயா எகிவொகாதா எண்டு போடலாம் எண்டது அவ, அர்த்தம் பிழையான எண்ணம், கொஞ்சம் சாதாரணமான பேச்சு.

பேந்துதான் விளங்கிச்சு, அந்தத் தாளில இருக்கிற பிழையான எண்ணங்கள் எல்லாம் ஒரு சாதி இல்லை.

மாட்டுக் கதையை எடுங்கோ. எங்கட பக்கத்து வீட்டு ஐயா இண்டைக்கும் சொல்லுவார், "பிள்ளை, மாடு போற வழியில பயமில்லை, அதுகளுக்குத் தெரியும்" எண்டு. உந்தக் கதை எங்க இருந்து வந்தது? மீள்குடியேறி வந்த நேரம் பாதை காட்ட ஒருத்தரும் இல்லை, மாட்டுக்குப் பின்னால போனவை, ஒண்டும் நடக்கேல்லை, நம்பிக்கை வந்திட்டுது. மாட்டுக்கு ஒண்டும் தெரியாது, அதின்ர குளம்பு வெடிக்கு அங்கால இங்கால பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த ஐயாவுக்கு நீங்கள் சொல்லுறது மூடநம்பிக்கை எண்டு தாளில அடிச்சுக் குடுத்தா அவர் அதைச் சுருட்டிச் சுருட்டுப் பத்த வைப்பார். ஸ்பானிஷில இதுக்கு கிரேயென்சியா, அதாவது நம்பிக்கை, அதுக்கு முன்னால ஃபால்சா எண்டு ஒரு சொல்லைப் போட்டா நம்பிக்கைதான் பொய் எண்டு நிக்கும், ஆளில முட்டாது. உஸ்தெத் எஸ்தா எகிவொகாதோ எண்டு எழுதினா, மரியாதையா நீங்கள் போட்டுத்தான் சொன்னாலும், பிழை ஆளிலதான் ஒட்டுது, அதுவும் ஆம்பிளை ஆளில மட்டும். பொம்பிளைக்கு எண்டா கடைசி எழுத்து ஆ ஆக வேணும். விறகு பொறுக்கவும் பாலைப்பழத்துக்கும் காட்டுக்கு ஆர் போறது? ரெண்டு பகுதியும்தானே.

அடுத்தது, காலை எடுத்தாத்தான் வெடிக்கும் எண்ட கதை. இது படத்தில இருந்து வந்தது. ஹீரோ மிதிச்சிட்டு வேர்த்து விறுவிறுத்து நிப்பார், நண்பன் வந்து கழட்டுவான். இஞ்ச கிடக்கிற சாதாரண மிதிவெடி மிதிச்ச உடன வெடிக்கும், வசனம் பேச நேரம் தராது. இதுக்கு மீத்தோ, கட்டுக்கதை, எண்டு போட்டன், யோசிக்கத் தேவையில்லை.

"பத்து வருசமா அந்தப் பத்தைக்குள்ள போறன், ஒண்டும் இல்லை, அப்ப அங்க வெடி இல்லை" எண்டுறது வேற வகை. கண்டது உண்மை, முடிவுதான் பிழை, அதுக்கு ஃபலாசியா சரியா வரும், ஆனா தோட்டக்காரருக்குக் குடுக்கிற தாளில ஃபலாசியா எண்டு எழுதினா கோட்டு வழக்கு மாதிரி இருக்கும். விட்டிட்டன். வெடி எடுக்கிறவை அடையாளத்துக்கு நடுற சிவப்பு அடிச்ச தடியையும் வெள்ளை அடிச்ச தடியையும் மாறி விளங்கிறது மாலென்தெந்தீதோ, ஏனெண்டா அங்க ஒராள் சொன்னதை மற்றாள் வேற மாதிரி எடுக்கிறார். சிவப்புக்கு அங்கால ஆபத்து, இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லத்தான் வேணும். "அந்தக் காணி கிளியர் பண்ணியாச்சாம்" எண்டு கடையில வாற கதைக்கு ஸ்பெயினில பூலோ எண்டுவினமாம், கொலம்பியாவில அது அவ்வளவு புழக்கம் இல்லை எண்டு அவ வெட்டினா, ரூமோர் எண்டு மாத்தினன்.

இங்கிலீஷ் தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு பொறியும் இருக்கு. ஏமாத்து எண்டு சொல்ல டெசெப்சியோன் போட்டிடாதேங்கோ, இங்கிலீஷ் சொல்லு மாதிரியே கேக்கும், ஆனா அர்த்தம் மனம் உடையிறது, எதிர்பார்த்தது கிடைக்காமல் போறது. ஏமாத்துக்கு எங்கான்யோ. இலுசியோனும் அப்பிடித்தான், மாயை எண்டும் வரும், ஆசையா எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறதுக்கும் அதையே சொல்லுவினம். மனநோயில வாற பிழையான நம்பிக்கைக்கு டெலீரியோ எண்டு தனிய ஒண்டு, அது இந்தத் தாளுக்குத் தேவைப்படேல்லை.

கடைசியில தலைப்பில பிழை எண்ட சொல்லையே எடுத்திட்டன். மிதிவெடி பற்றிச் சனம் சொல்லுறது எண்டு மட்டும் வைச்சன், லோ கே செ தீசெ தெ லாஸ் மீனாஸ். ஒவ்வொரு கதைக்கும் கீழ நோ எஸ் சியெர்த்தோ, உண்மை இல்லை, அதுக்குப் பிறகு ஏன் எண்டு ரெண்டு வரி. அவ பாத்திட்டு நல்லம் எண்டா, ஆனா மீனாஸ் எண்டு எழுதாதே, கிராமத்தில அதைக் கியெப்ராபாத்தாஸ் எண்டுதான் சொல்லுறது எண்டா. கால் முறிக்கிறது. அதிலயும் மனிசக் காலுக்கு உள்ள சொல்லு இல்லை, மிருகத்தின்ர காலுக்கு உள்ள சொல்லு.

மாத்திப் போட்டன். இன்னும் ஒண்டு மிச்சம் கிடக்கு, பத்தைக்கு நெருப்பு வைச்சா வெடியெல்லாம் வெடிச்சு முடிஞ்சிடும் எண்டுற கதை. வைச்சாலும் எல்லாம் வெடிக்காது, கருகின நிலத்துக்குள்ள மிச்சம் கிடக்கும். இதைக் கிரேயென்சியாவில போடுறதோ வேற எங்கயோ எண்டு எனக்கும் அவவுக்கும் இன்னும் இழுபறி.