அரோவானாவுக்கு உயிர்மீன் போடுவதை எப்படி நிறுத்தினேன்

எங்கள் வீட்டுத் தொட்டியில் வளரும் அரோவானா மீனின் பெயர் வெள்ளி. சில்வர் அரோவானா என்பதால் மகள் வைத்த பெயர். சென்னை கொளத்தூரில் நாலு அங்குலக் குஞ்சாக வாங்கி வந்தோம். முதலில் உறைந்த பிளட் வார்ம் என்ற சின்ன சிவப்புப் புழு மட்டும் சாப்பிட்டது. அடுத்து கப்பி, அப்புறம் மாலி என்று உயிரோடு சின்ன மீன்கள், எட்டாவது மாதத்திலிருந்து சின்ன கோல்டு ஃபிஷ். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் ஒரு பையில் இருபது, இருபத்தைந்து மீன் வாங்கி வருவேன். கடைக்காரர்கள் இதற்கென்றே ஒரு தொட்டியில் கொத்தாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஃபீடர் என்று கேட்டால் போதும், அள்ளிக் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளி வேட்டையாடுவதைப் பார்க்க வீடே கூடிவிடும். அரோவானா எப்போதும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீந்தும். தாடையில் இரண்டு மீசை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் மேல்நோக்கித் திறக்கும். இரை கண்ணில் பட்டால் உடம்பை 'எஸ்' போல வளைத்து ஒரு நொடி நிற்கும், அடுத்த நொடி இரை இருக்காது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நானும் வாராவாரம் ஃபீடர் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. மீனுக்கு எது நல்லது என்று அந்த நாட்களில் நான் யோசித்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான கடை மூடியிருந்தது. வேறொரு கடையில் முப்பது கோல்டு ஃபிஷ் வாங்கினேன். பையில் இருக்கும்போதே இரண்டு மூன்று மீன்களின் உடம்பில் நூல் போல ஏதோ தொங்கியது. கழிவு என்று நினைத்து அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வெள்ளி கண்ணாடியில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். மறுநாள் பக்கத் துடுப்பின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து அரை அங்குல நீளத்தில் வெளுத்த பச்சை நிற நூல். டார்ச் அடித்துப் பார்த்தால் வால் பக்கம் இன்னும் இரண்டு. நூலின் முனை இரண்டாகப் பிரிந்து கவட்டை போல இருந்தது.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். படம் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அழைத்தார். "இது நங்கூரப் புழு. அந்தக் கவட்டை முட்டைப் பை. எந்த மருந்தும் ஊற்றாதே, சாயந்திரம் வர்றேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் தெரிந்தது. கடையில் கேட்டபோது ஒரு பூச்சிக்கொல்லி வகை மருந்தைக் கொடுத்து, மூடியளவு ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அது ஆர்கனோபாஸ்பேட் வகை. கெண்டை வளர்க்கும் குளங்களில் அந்த வகையைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அரோவானா அதைத் தாங்காது, புழுவோடு மீனும் போய்விடும். பாட்டில் என் கையில் இருந்தது. அவர் அழைக்க அரைமணி நேரம் தாமதித்திருந்தால் ஊற்றியிருப்பேன்.

பெயரில்தான் புழு இருக்கிறதே தவிர அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி என்று நண்பர் விளக்கினார். தலைப்பகுதி நங்கூரம் போலச் சதைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். முட்டை பொரித்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, தண்ணீரில் மிதந்து திரிந்து மறுபடி மீனைப் பிடிக்கும். நம்மூர் வெயிலுக்கு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது வந்துவிடும். அதனால் கண்ணில் பட்டதைப் பிடுங்கினால் மட்டும் போதாது, தண்ணீரில் இருப்பதையும் ஒழிக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் நடந்ததை மறக்க முடியாது. பெரிய பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, விளக்குகளை அணைத்து, வெள்ளியை வலையில் தூக்காமல் பெரிய பாலித்தீன் பையில் தண்ணீரோடு சேர்த்து எடுத்தோம். வலையில் சிக்கினால் அடித்துக்கொண்டு செதிலும் மீசையும் போய்விடும். ஈரத் துண்டால் கண்ணை மூடியதும் அது அடங்கியது. நான் பிடித்துக்கொள்ள, நண்பர் இடுக்கியால் புழு தோலுக்குள் நுழையும் இடத்துக்கு மிக அருகில் பிடித்து, மெதுவாக, ஒரே இழுப்பில் எடுத்தார். பாதியில் அறுந்தால் தலை உள்ளே தங்கிப் புண் சீழ் பிடிக்குமாம். மூன்றும் முழுதாக வந்தன. பஞ்சில் தொட்ட பொவிடோன் அயோடினைப் புண்ணில் மட்டும் வைத்தார், செவுள் பக்கம் ஒரு துளி போகவில்லை. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். என் கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆயிற்று.

தண்ணீருக்கு டைஃப்ளூபென்சுரான் போட்டோம். குஞ்சுகள் தோலுரிக்கும்போது புது ஓடு உருவாகாமல் தடுக்கும் மருந்து அது. அளவை நண்பரே கணக்கிட்டார். தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நான் 680 லிட்டர் என்றேன். அவர் டேப் வைத்து அளந்தார். அரோவானா துள்ளும் என்பதால் மேலே நாலு அங்குலம் காலி விட்டிருந்தேன், ஆக உண்மையில் இருந்தது சுமார் 560 லிட்டர். தொட்டியின் அளவை வைத்து மருந்து போட்டிருந்தால் இருபது சதவீதம் கூடுதலாக விழுந்திருக்கும். ஃபில்டரில் இருந்த கரியை எடுத்துவிட்டோம், இல்லையென்றால் அது மருந்தை உறிஞ்சிவிடும். ஒரு மாதத்துக்கு மருந்தும் தண்ணீர் மாற்றுவதும் மாறிமாறி நடந்தன.

நண்பர் கிளம்பும்போது சொன்னார்: "கோல்டு ஃபிஷ் இனிமேல் வேண்டாம். புழு இல்லையென்றாலும் வேண்டாம்."

காரணம் தயாமினேஸ். கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பம். அந்தக் குடும்பத்து மீன்கள் பலவற்றின் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். வாரக்கணக்கில் அதையே தின்னும் மீனுக்கு நரம்பு தளரும், நிலைதடுமாறி நீந்தும், பசியெடுக்காது. எப்போதாவது ஒன்று தின்பதால் எதுவும் ஆகாது. நான் கொடுத்ததோ நாலு மாதமாக அதை மட்டும். அப்படியென்றால் நெத்திலி வாங்கிப் போடுகிறேனே என்றேன். நெத்திலியிலும் அதே நொதி உண்டு, ஃப்ரீசரில் வைத்தாலும் அழியாது என்றார்.

அந்த வாரம் முழுக்கத் தேடிப் படித்தேன், மற்ற வளர்ப்பவர்களிடமும் பேசினேன். ஏரியில் பிடித்த ஜிலேபிக் குஞ்சு போட்டவர் ஒருவர், முதுகு முள் தொண்டையில் குத்தி மீனை இழந்திருக்கிறார். கெளுத்தி முள்ளைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம், பயந்தால் விரித்துக்கொண்டு மடங்காமல் நிற்கும். வீட்டில் பிடிக்கும் கரப்பான்பூச்சி எந்த வீட்டில் என்ன மருந்து தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. மாட்டு இதயம், கோழி ஈரல் கொடுப்பவர்கள் நிறைய பேர். ஆனால் மீனின் குளிர்ந்த உடம்பில் அந்தக் கொழுப்பு இளகாமல் படியும். உயிரோடு இருக்கும் இரையைத் துரத்தும் வேகத்தில் கண்ணாடியில் மோதி மீசையை உடைத்துக்கொண்ட மீன்களையும் பார்த்தேன்.

ஃபீடரைத் தனித்தொட்டியில் மூன்று நாலு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போடலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். வெள்ளைப் புள்ளி நோய், நங்கூரப் புழு போன்றவை அதற்குள் வெளியே தெரிந்துவிடும். குடலில் இருக்கும் புழுவும் மீன்களுக்கு வரும் காசநோய்க் கிருமியும் அப்படித் தெரியாது. அந்தக் கிருமி கையில் இருக்கும் சின்னக் காயம் வழியாக நமக்கே ஆறாத புண்ணைத் தரக்கூடியது. தொட்டி கழுவும்போது இப்போதெல்லாம் கையுறை போடாமல் நான் இறங்குவதில்லை.

இன்னொன்றும் மனதில் தைத்தது. சில்வர் அரோவானாவின் ஊர் அமேசான். வெள்ளம் ஏறிய காட்டில் கிளைகளிலும் நீர்மேலும் இருக்கும் வண்டு, சிலந்தி போன்றவற்றைத் துள்ளிப் பிடித்துத் தின்னும் மீன் அது. தண்ணீர்க் குரங்கு என்றே அங்கே அதற்கு ஒரு பெயர் உண்டு. சீனாவில் உருவான கோல்டு ஃபிஷ்ஷை அது காட்டில் ஒருநாளும் பார்த்திருக்காது. 'இயற்கையான தீனி' என்று சொல்லித்தான் நாங்கள் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சரி, மாற்றியது எப்படி என்று சொல்கிறேன். புண் ஆறும் வரை காத்திருந்தோம். நடுவில் இரண்டு மூன்று முறை தோல் உரித்த இறால் துண்டு போட்டேன், வெள்ளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு தேறியதும் நண்பர் சொன்னபடி பட்டினி போட்டோம். ஒன்றரை அடி நீளத்துக்கு வளர்ந்த, சதைப்பிடிப்பான மீன் இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஆபத்தில்லை. குஞ்சு மீனிடம் இதைச் செய்யக் கூடாது. ஆறு, ஏழு அங்குல மீனை இரண்டு நாளுக்கு மேல் வெறும் வயிற்றில் விடாதீர்கள், அதற்கு ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று நாள் கஷ்டமில்லை. நாலாம் நாளிலிருந்து நான் அறைக்குள் நுழைந்தாலே வெள்ளி முன்கண்ணாடிக்கு வந்து நிற்கும், நான் நகர்ந்தால் கூடவே நகரும். அம்மா தினமும் ஒரு முறையாவது, "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடலாமாடா, பாவம் சேரும்" என்பார். ஆறாம் நாள் ராத்திரி நானே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், நாலு மாலி வாங்கி வந்து போட்டுவிடலாம் என்று. மகள்தான், "அப்பா, இப்போ போட்டா இந்த ஆறு நாளும் வீண்" என்றாள். உண்மைதான். பாதியில் ஓர் உயிர்மீன் கிடைத்தால், காத்திருந்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிடும்.

எட்டாம் நாள் இறாலின் தலையில் இருக்கும் கொம்பையும் ஓட்டையும் எடுத்து, விரல் கணு அளவுக்கு வெட்டி, நீளமான பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து நீர்மட்டத்தில் மெல்ல அசைத்தேன். பாய்ந்து கவ்வியது, உடனே துப்பியது. பத்து நிமிடத்தில் துண்டை வெளியே எடுத்துவிட்டேன். கீழே விழுந்ததை விட்டுவைத்தால் தண்ணீர் கெடும், மீனும் அடியில் தேடப் பழகிவிடும். ஒன்பதாம் நாளும் அதே. பத்தாம் நாள் தொடவே இல்லை. பதினோராம் நாள் காலை கவ்வியது, இரண்டு முறை மென்றது, விழுங்கியது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

இறாலிலிருந்து பெல்லட்டுக்கு, அதாவது கடையில் கிடைக்கும் உலர்ந்த தயார் தீனிக்கு, போக ஆறு வாரம் ஆயிற்று. மிதக்கும் குச்சி பெல்லட்டைத் தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, இறால் துண்டைக் கீறி உள்ளே செருகினேன். ஊறியதும் துப்பாமல் விழுங்கியது. வாராவாரம் இறாலின் அளவைக் குறைத்து பெல்லட்டின் நுனி வெளியே தெரியும்படி செய்தேன். கடைசியில் இறால் அலசிய தண்ணீரில் ஊறிய பெல்லட்டை மட்டும் மிதக்கவிட்டேன். முதல் நாள் மூன்று தின்றது, நாலாவதைத் துப்பியது. மிதக்கும் வகையைத்தான் வாங்கினேன். அரோவானாவின் கண் கீழே சரிந்துவிடுவதற்கு அடியில் விழும் தீனியைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் கொழுப்பு சேர்வதைச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் மிதக்கும் பெல்லட்டும் அளவான தீனியும் நல்லதுதானே.

இப்போது வெள்ளி இரண்டடியை நெருங்குகிறது. இதற்கு இரண்டடி அகலத் தொட்டி இனி போதாது, திரும்புவதற்கே உடம்பை மடக்குகிறது. அடுத்த செலவு அதுதான். வாரத்தில் ஐந்து நாள், ஒரு வேளை, பெரும்பாலும் பெல்லட். ஒருநாள் இறால். மாதத்தில் இரண்டு மூன்று முறை, தீனி வைத்து வளர்த்து விற்கும் சூப்பர் வார்ம் என்ற வண்டுப் புழு நாலைந்து. சிள்வண்டு கிடைத்தால் முள்ளாக இருக்கும் பின்னங்காலைக் கிள்ளிவிட்டுக் கொடுப்பேன். ஆசை தீரத் துள்ளிப் பிடிப்பது அப்போதுதான். மூடியின் மேல் ஒரு செங்கல் எப்போதும் இருக்கும். ஞாயிறு அன்று எதுவும் கிடையாது. அம்மா இன்னும் அன்றைக்குத் தொட்டிப் பக்கம் போவதில்லை.

அந்த முப்பதில் தப்பிய ஏழு கோல்டு ஃபிஷ்களையும் தனி டப்பில் போட்டு அதே மருந்து கொடுத்தோம். இரண்டு செத்துப்போயின. மற்ற ஐந்தும் மாடியில் நிழலில் இருக்கும் சிமெண்ட் தொட்டியில் நீந்துகின்றன, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது. மகள்தான் தீனி போடுகிறாள்.

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர், "நான் வேணா ரெண்டு மீன் வாங்கிப் போடட்டுமா?" என்று அன்போடு கேட்டார். வேண்டாம் அண்ணா, விளக்கும் ஃபில்டரும் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வெள்ளி முன்கண்ணாடிக்கு வந்து நின்றது. பயணப் பையைக் கீழே வைத்துவிட்டு முதல் வேலையாகப் பெல்லட் டப்பாவைத் திறந்தேன்.