படத்தில் பார்த்த சுடரடுப்பு

நம் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை மலருக்கு எழுதச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் கல்லூரி வேப்பமரத்தைப் பிடித்துக்கொள்கிறோம், மீதிப் பேர் பிக் மட்ச் கிரிக்கெட்டை. இரண்டையும் போன வருட மலரில் திகட்டத் திகட்ட வாசித்தாயிற்று. இந்த முறை கல்லூரியின் பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கணக்கு வழக்கும் வரும். மலர்க்குழு கத்தரிக்கோலை எடுக்காமல் விட்டால் சரி.

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் வந்தவன். 1982இல் பரீட்சை, 1983 தையில் யாழ்ப்பாணத்தில் கல்லூரி விடுதி. ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் விசுவமடுப் பக்கம். 1970களில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில், யாழ்ப்பாணத்தில் காணி போதாத குடும்பங்கள் வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய இடம். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், விலை விழுந்தது. ஆனாலும் செத்தல் மிளகாய் விற்ற காசில்தான் அப்பா எனக்கு ட்ரங்குப் பெட்டி வாங்கினார். பெட்டியைத் திறந்தால் முதல் தவணை முழுக்க விடுதி அறையில் எல்லோருக்கும் தும்மல்.

ஊர்ப் பள்ளிக்கூடம் அரைச்சுவரும் கிடுகுக் கூரையுமான இரண்டு கொட்டகைகள். முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை அதற்குள்தான். நடுவில் மறைப்புத் தட்டி கிடையாது. நாலாம் வகுப்புக்காரன் ஐந்தாம் வகுப்புப் பாடத்தையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருப்பான். அதிபரும் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரும் ஒரே ஆள். அவர் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் தெரிந்த பள்ளிக்கூடத்தில் றோணியோ மெசினில் படியெடுத்த மாதிரி வினாத்தாள்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். ஒரு தாளைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் குந்தியிருந்து செய்வோம். தாளில் எழுதக்கூடாது, அடுத்த வருடத்துக்கும் அதுதான் வேண்டும். அந்தத் தாள்கள்தான் என்னைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து விட்டன.

இனி ஆய்வுகூடம். ஆறாம் வகுப்பில் முதல் விஞ்ஞான பாடத்துக்கே எங்களை வரிசையாக அங்கே கூட்டிப் போனார்கள். கறுத்த நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் குழாயும் தொட்டியும். கண்ணாடி அலுமாரிக்குள் போத்தலில் சுருண்ட பாம்பு. ஆய்வுகூட உதவியாளர், வாயுவில் எரியும் பன்சன் சுடரடுப்பைப் பற்றவைத்து, அடியில் உள்ள வளையத்தை மெல்லத் திருப்பினார். மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்த சுடர் உள்ளே இழுபட்டு நீலமாகி உஸ் என்று இரைந்தது. பக்கத்தில் நின்ற நகரத்துப் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கை விறைத்துப் போய்விட்டது.

சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, என்னோடு கூடப் படித்த சிநேகிதன் தன் விஞ்ஞானக் கொப்பியைக் காட்டினான். புலமைப்பரிசிலில் அவனுக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்டன, ஊரிலேயே நின்றுவிட்டான். அவனுடைய கொப்பியிலும் பன்சன் சுடரடுப்பு இருந்தது. வாத்தியார் கரும்பலகையில் கீறியதைப் பார்த்துக் கீறியது. பாகமெல்லாம் குறித்து, நிறம் தீட்டி, என் படத்தைவிட வடிவாகவே இருந்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: “இது உண்மையில என்ன அளவடா? வாத்தியார் கீறினது என்ர இடுப்பளவு.”

கையால் காட்டினேன். அவன் நம்பவில்லை.

அவன் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தான். பார்க்காத சாமானைப் படத்தில் படித்து அந்தச் சித்தி எடுத்தவனுக்கு, நம் ஆய்வுகூடத்தில் நின்று அதே சித்தி எடுத்த என்னைவிட மூளை கூட என்பதுதான் என் கணக்கு. உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்க அவனுக்கு எட்டிய தூரத்தில் பள்ளிக்கூடம் இல்லை. கலைப்பிரிவு எடுத்தான், பிறகு தோட்டம்.

இலவசக் கல்வி என்று 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்தது சின்ன விஷயமில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே பாடப்புத்தகம், 1980இலிருந்து அதுவும் இலவசம். ஒரே பாடத்திட்டம், ஒரே நாளில் ஒரே வினாத்தாள். பட்டணத்துப் பாடசாலைகளின் தரத்தை நாட்டுப்புறத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்றுதான் கன்னங்கரா மத்திய பாடசாலைகளை ஊர் ஊராகத் திறந்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் அந்த யோசனையோடு வந்ததுதான். ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு வழி. வழி நல்ல வழிதான், அதில் வந்தவன் நான். ஆனால் அந்த வழியால் பிள்ளை மட்டும்தான் போகிறது. ஆய்வுகூடம் எதிர்ப்பக்கமாக வருவதில்லை. வருடா வருடம் முதல் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும் பிள்ளைகளைக் கழற்றிக்கொண்டு போனால் பின்னால் நிற்கும் வகுப்பு எப்படியிருக்கும் என்று ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கேட்டால் சொல்வார். எங்கள் அதிபர் என்னை மேடையில் ஏற்றி மாலை போட்டார். மனுசனுக்கு உள்ளுக்குள் என்ன இருந்ததோ.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இலங்கையில் சுமார் 10,000 அரச பாடசாலைகள். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் நடக்கிற 1ஏபி பாடசாலைகள் அதில் சுமார் 1,000. நம் கல்லூரி மாதிரித் தேசிய பாடசாலைகள் அதைவிடக் குறைவு. அவை நேரே மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. மற்றவை 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்த பிறகு மாகாணத்தின் பொறுப்பு, மாகாணத்தின் கையிலோ கொழும்பு கொடுக்கிற காசைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. நாடு கல்விக்குச் செலவழிப்பதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு சம்பளம்.

இந்தச் சம்பளக் கணக்கைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். பட்டமும் பயிற்சியும் சேவைக்காலமும் கூடிய ஆசிரியருக்குச் சம்பளம் கூட. அவர்கள் போய்ச் சேர்கிற இடம் நகரத்துப் பெரிய பாடசாலை. ஆகவே ஒருவரும் களவெடுக்காமலே, ஒரு சுற்றறிக்கையும் மீறாமலே, அரசாங்கத்தின் காசு பெரிய பாடசாலைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தலைக்கணக்கு மட்டும் பார்த்தால் சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியர் போதுமானதற்கும் மேலாகத் தெரியும். அறுபது பிள்ளைக்கு எட்டு ஆசிரியர் என்றால் லண்டன்காரனே பொறாமைப்படுவான். அந்த எட்டில் கணிதத்துக்கு ஆள் இருக்கிறதா, ஆங்கிலத்துக்கு இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. சமயம் படிப்பித்தவர் கணிதத்தையும் பார்த்துக்கொள்வார்.

வன்னிக்கு நியமனம் கிடைத்தவர்கள் வராமலும் இல்லை. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பெயர் வைத்துக் கொஞ்சம் மேலதிகக் கொடுப்பனவும் உண்டு. ஆனால் தங்க அறை இல்லை. என் காலத்தில் மலேரியா வேறு. வெள்ளி மத்தியானம் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடித்தால் திரும்ப வருவது திங்கட்கிழமை பத்து மணி. அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை, குடும்பத்தை விட்டுவிட்டு அரைச்சுவர்க் கொட்டகையில் படுக்க நானும் போகமாட்டேன். இப்போது இன்னொரு வித்தையும் இருக்கிறது: இணைப்பு. பதிவும் சம்பளமும் கஷ்டப் பிரதேசப் பாடசாலையில், ஆள் ‘தற்காலிக இணைப்பில்’ பட்டணத்தில். பேப்பரில் பார்த்தால் வெற்றிடமே இல்லை.

பல்கலைக்கழகக் கோட்டாவைப் பற்றி நம்மவர்கள் கூடினால் சண்டை வராமல் முடியாது. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிக்கட்டிய 1970களின் தரப்படுத்தல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் செய்ததை நான் மறுக்கவில்லை. பின்னாளில் வந்து நிலைத்த முறையில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்ட சனத்தொகைக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. எந்த மாவட்டத்தில் படித்தோமோ அதுதான் நம் மாவட்டம். ஆகவே ஒரே ஒழுங்கையில் வளர்ந்த இருவரில், யாழ்ப்பாண விடுதியில் இருந்த நான் யாழ்ப்பாணத்தான். உயர்ந்த வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டியவன். அவன் முல்லைத்தீவான், வெட்டுப்புள்ளி அவனுக்கு இரங்கியிருக்கும். ஆனால் பௌதிகத்துக்கு வாத்தியார் இல்லாத இடத்தில் குறைந்த வெட்டுப்புள்ளியை வைத்து அவன் என்ன செய்வது? கதவைத் திறந்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போன கதை.

2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியது, பள்ளிக்கூடமும் திரும்பியது. முதலில் தகரக் கொட்டகை, பிறகு கல்வீடு. 2016இல் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்று அரசாங்கம் ஒரு திட்டம் ஆரம்பித்தது. பெயர் நல்ல பெயர். என் சிநேகிதனின் வீட்டுக்கு அந்தப் பள்ளிக்கூடம் அண்மையில்தான் இருக்கிறது.

அவன் இப்போது அதன் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறான். நம் கல்லூரியின் சங்கத்தில் வைத்தியரும் கணக்காளரும் இருப்பார்கள், வசதிக் கட்டணம் தவணை தவறாமல் சேரும். அவனுடைய சங்கத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கூட்டத்துக்கு வருவதே அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான். போன வருடம் வட்ஸ்அப்பில் அவன் என்னிடம் கேட்டது: பழைய வினாத்தாள்களைப் பிரதி எடுக்க ஒரு போட்டோக்கொப்பி மெசினும் ஆறு மாதத்துக்கு மையும். அதே கிழமை நம் பழைய மாணவர் சங்கம் கல்லூரி மைதானத்துக்கு மின்னியல் ஸ்கோர் போர்ட் அனுப்பத் தீர்மானம் எடுத்தது. அந்த போர்டின் கப்பல் கூலிக்குள் அவன் கேட்டது முடிந்திருக்கும். தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களைக் குறை சொல்ல வரவில்லை. விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆனால் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு என்று நாலு திசையிலும் கிளை வைத்திருக்கிற கல்லூரிக்கு ஒவ்வொரு கிளையும் ஒவ்வொன்று அனுப்புகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இராப்போசன விருந்து வைக்க ஆள் இல்லை. அதில் படித்து வெளிநாடு வந்தவன் அனேகமாகப் புலமைப்பரிசிலில் போனவன், அவன் இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்கிறான். அரசாங்கம் வைத்த ஏற்றத்தாழ்வின் மேல் நாம் இன்னொரு மாடி கட்டுகிறோம் என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் 1998இலிருந்து பாடசாலைப் பணத்தை மாகாண அரசே ஒரு சூத்திரப்படி பிரித்துக் கொடுக்கிறது. அப்படியும், பெற்றோர் சங்கங்கள் சேர்க்கிற காசு பணக்காரத் தெருவுக்கு ஒரு மாதிரி, ஸ்காபரோவின் தொடர்மாடிப் பக்கம் ஒரு மாதிரி. என் மகளின் பாடசாலையில் சொக்லேட் விற்றார்கள், வாங்கியது பெரும்பாலும் நாங்களேதான். ஆனால் ரொறன்ரோ கல்விச் சபை ஒரு காரியம் செய்கிறது. பெற்றோரின் வருமானம், கல்வி போன்றவற்றை வைத்துக் கற்றல் வாய்ப்புச் சுட்டி என்று ஒன்று தயாரித்து, எந்தப் பாடசாலைக்குத் தேவை கூட என்று வரிசைப்படுத்துகிறது. நாம் இந்த ஊரில் வரி கட்டுகிறோம், அந்தப் புத்தியையும் கொஞ்சம் எடுத்தால் என்ன?

சுட்டி தயாரிக்க நமக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கல்லூரியின் சேர்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு புலமைப்பரிசில் மாணவனுக்கும் நேரே ‘முன்பு கற்ற பாடசாலை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எழுதி எடுத்தால் பட்டியல் வந்துவிடும்: நமக்குப் பிள்ளைகளைத் தந்த சின்னப் பள்ளிக்கூடங்கள், வன்னியிலும் தீவகத்திலும். சங்கம் வருடா வருடம் சேர்க்கிற காசில் மூன்றில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகட்டும். கட்டடம் வேண்டாம், பெயர்க்கல் வேண்டவே வேண்டாம். கணித ஆசிரியர் கிழமை நாளில் தங்க ஓர் அறை, மின்விசிறி, கழிவறை. பௌதிகமும் இரசாயனமும் தெரிந்த ஒருவர் சனிக்கிழமை வந்துபோகப் பயணச் செலவு. ஒரு பெட்டி ஆய்வுகூடச் சாமான். இதெல்லாம் சேர்ந்தும் ஸ்கோர் போர்டைத் தாண்டாது என்றுதான் என் மதிப்பீடு. பொருளாளர் திருத்தட்டும்.

அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும்: கல்லூரியின் பெயரில் சேர்த்த காசை வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சங்கத்தின் யாப்பில் இடமில்லை. எடுத்துப் பார்த்தேன். ‘கல்லூரியின் கல்வி வளர்ச்சிக்காக’ என்றிருக்கிறது. கல்லூரியின் ஆறாம் வகுப்பு எங்கேயிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்கலாம். அப்படியும் மசியாவிட்டால் யாப்பைத் திருத்த வேண்டியதுதான், விருந்துக் கட்டணத்தைக் கூட்டுவதற்கு முன்னொரு முறை திருத்தினோமே. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். என் இலக்கம் அங்கத்தவர் பட்டியலில் இருக்கிறது, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்தால் வசதி.