8.4 கிராமிலிருந்து 10.6 கிராம்

பள்ளியில் படித்த காலத்தில், 8.4 கிராம் சமையல் சோடாவை, அதாவது சோடியம் பைகார்பனேட்டை, சூடாக்கினால் 10.6 கிராம் சோடியம் கார்பனேட் கிடைக்கும் என்று விடைத்தாளில் எழுதிவிட்டு, அதை மறுமுறை பார்க்காமலே அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். பெருக்கலில் பிழையில்லை. ஒரு பொருள் வாயுவை வெளியேற்றிச் சிதையும்போது, எஞ்சும் திண்மத்தின் எடை எப்படிக் கூடும் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சோடியம் பைகார்பனேட்டின் வெப்பச்சிதைவில் 2 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) பைகார்பனேட்டிலிருந்து சோடியம் கார்பனேட், நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றும் தலா ஒரு மோல் கிடைக்கின்றன. சோடியத்துக்கு 23, ஹைட்ரஜனுக்கு 1, கார்பனுக்கு 12, மூன்று ஆக்சிஜனுக்கு 48 என்று கூட்டினால் பைகார்பனேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 84 கிராம், ஆகவே 8.4 கிராம் என்பது 0.1 மோல். நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில்தான். சமன்பாட்டின் இடப்பக்கத்தில் நிற்கும் 2 என்ற குணகத்தை மறந்து, கார்பனேட்டும் 0.1 மோல் என்று கொண்டு, அதன் மோலார் நிறையான 106 ஆல் பெருக்கிவிட்டேன். உண்மையில் கிடைப்பது அதில் பாதியான 0.05 மோல், அதாவது 5.3 கிராம். அதனுடன் 0.9 கிராம் நீராவியையும் 2.2 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டினால் நாம் தொடங்கிய 8.4 கிராம் அப்படியே திரும்பி வருகிறது. வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789இல் தம் நூலில் எடுத்துரைத்த நிறை மாறா விதியே இங்கு விடையைச் சரிபார்த்துத் தருகிறது.

பாடங்களில் பெரும்பாலும் முதலில் வரும் சுண்ணாம்புக்கல் எடுத்துக்காட்டு இந்தப் பிழையை வெளிக்காட்டாது என்பது என் மனக்குறை. அங்கே 100 கிராம் கல் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. குணகங்கள் எல்லாம் 1 என்பதால், அவற்றை மறந்த மாணவருக்கும் சரியான விடையே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சூடாக்கியபின் கிண்ணத்தில் 5.3 கிராமுக்குப் பதிலாக 5.9 கிராம் இருந்தால், விளைபொருள் கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று மகிழக் கூடாது. முழுச் சிதைவில் 3.1 கிராம் குறைந்திருக்க வேண்டும், ஆனால் 2.5 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால், தூய உலர்ந்த சோடாவில் ஏறத்தாழ 81 விழுக்காடே சிதைந்திருக்கிறது, மீதி 1.6 கிராம் சமையல் சோடாவாகவே கிண்ணத்தில் கிடக்கிறது.