நாழி கேட்டான் வாசல்

என் அத்தைக்கு எந்தக் கோயிலுக்குப் போனாலும் நாழியாகிவிடும். வீட்டுப் படி இறங்கும்போதே "நாழியாயிடுத்துடா, நடை சாத்திடுவா" என்று ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவரைக் காலை ஆறரை மணிக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே நிறுத்தி, "இன்றைக்கு நேரே சன்னிதிக்குப் போகவில்லை அத்தை, வீதி வீதியாகச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே" என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது சேவிக்க வந்த லட்சணமா?" என்றார்.

இந்த மாதிரி கட்டடங்களைக் காட்டும் நடைக்கு நான் பணம் கட்டியது இதுதான் முதல் தடவை. எட்டுப் பேர் சேர்ந்திருந்தோம். வழிகாட்டி உள்ளூர்ப் பெண், கட்டடக்கலை படித்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். எடுத்தவுடன், "கோயில் எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். எல்லோருடைய கையும் உள்பக்கம் நீண்டது. "இந்த வாசலைத் தாண்டினதும் நீங்க கோயிலுக்குள்ளதான் இருப்பீங்க. காய்கறிக்கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் பிராகாரத்துலதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ரயிலடியில் ஆட்டோ பிடித்து, ரங்கா ரங்கா கோபுர வாசலில் இறங்கி, செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஓடுவதுதான் வழக்கம். ஏழு மதில்களில் மூன்றை ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கடந்திருக்கிறேன். வைணவர்கள் அடைமொழி இல்லாமல் 'கோயில்' என்று சொன்னால் அது ஸ்ரீரங்கம்தான். அந்தக் கோயில் எங்கே தொடங்குகிறது என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

மொத்தம் 156 ஏக்கர், ஏழு மதில்கள், 21 கோபுரங்கள். இதில் உள் நான்கு சுற்றுகள் சன்னிதிகளுக்கும் மண்டபங்களுக்கும். வெளி மூன்றும் ஊர்: அடையவளஞ்சான், சித்திரை வீதிகள், உத்திர வீதிகள்.

ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அத்தை, "நான் கல்யாணமாகிப் போறச்சே இது மொட்டைக் கோபுரம்" என்றார். உண்மைதான். விஜயநகர காலத்தில் தொடங்கி, கல்லால் ஆன அடிப்பகுதியோடு நின்றுபோனது அது. ராயகோபுரம் என்று பெயரைச் சுமந்துகொண்டு நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் எடுத்து நடத்தி, 1987 மார்ச்சில் குடமுழுக்கு ஆனது. 13 நிலை, 236 அடி. நிலை நிலையாகக் கொடையாளர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு நிலை இளையராஜா கொடுத்தது. வழிகாட்டி எங்களைக் கழுத்து வலிக்க மேலே பார்க்க விடாமல் வாசலின் உள்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல் முடிகிற உயரமும் அதற்கு மேல் புதிய வேலை தொடங்குகிற இடமும் சொன்ன பிறகு தெளிவாகத் தெரிந்தது.

அடையவளஞ்சானில் அதிகம் நிற்கவில்லை. பேருந்து சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. ஆனால் அங்கே மதிலைக் காட்டி அவர் சொன்ன ஒன்று மனதில் நின்றுவிட்டது. இந்த மதில்கள் பெருமாளுக்கு மட்டும் காவலாக இருந்தவை அல்ல. கர்நாடகப் போர்களின்போது ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் இந்த மதில்களுக்குள்தான் ஒதுங்கினார்கள். 1752-இல் இங்கேதான் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதற்கும் வெகு முன்னால், 1323-இல் நடந்த டில்லிப் படையெடுப்பில் இத்தனை மதில் இருந்தும் உற்சவரான நம்பெருமாள் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. ஊர் ஊராகத் திரிந்து அவர் திரும்பி வந்தது 1371-இல். "கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஆச்சு" என்று அந்தப் பெண் சொன்னபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.

சித்திரை வீதிக்குள் நுழைந்ததும் வெளிச்சமே மாறியது. அவ்வளவு அகலமான தெரு. "இதோட அகலத்தை முடிவு பண்ணினது தேர்" என்றார் வழிகாட்டி. சித்திரைத் தேர் ஓடுகிற வீதி. கிராமத்து ஜனங்கள் மாட்டையும் தானியத்தையும் காணிக்கையாகக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். நேர்வீதியில் தேரை இழுப்பது கஷ்டமில்லை, மூலை திரும்புவதுதான் கஷ்டம். சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத் திருப்ப வேண்டும். முட்டுக்கட்டை என்று அரசியல்வாதிகள் தினமும் சொல்கிறார்களே, அதன் நிஜ உருவம் அதுதான். நாம் அதை வீணாகத் திட்டச்சொல் ஆக்கிவிட்டோம். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறுமோ!

அப்புறம் உத்திர வீதி. இங்கேதான் நாங்கள் அதிக நேரம் நின்றோம்.

பாதி வீடுகள் போய்விட்டன. மூன்று மாடி அடுக்ககங்களும் தங்கும் விடுதிகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பல்வரிசையில் மிஞ்சிய பல் மாதிரி ஓட்டு வீடுகள். அகலம் பதினைந்து அடி இருந்தால் அதிகம். நீளமோ ரயில் பெட்டிகளைக் கோத்தது போலப் பின்தெரு வரை போகிறது. ஏன் இப்படி என்று வழிகாட்டி கேட்டார். இடப் பற்றாக்குறை என்று ஒருவர் சொன்னார். "பெருமாள் இந்த வீதியில வருவார். தன் வாசலுக்கும் வரணும்னு எல்லாருக்கும் ஆசை. அதனால வாசலைப் பங்கு போட்டுக்கிட்டாங்க" என்றார் அவர். தை மாதத்தில் தேர் வருவது இந்த உத்திர வீதிகளில்தான். முகப்பு குறுகக் குறுக வீடு உள்நோக்கி நீண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால்தான் நடுவில் முற்றம், வெளிச்சமும் காற்றும் மேலிருந்து இறங்க.

ஒரு வீட்டு மாமி எங்களை உள்ளே விட்டார். தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் திண்ணை. திண்ணையின் ஒரு ஓரம் தலையணை போலச் சாய்வாக உயர்ந்திருந்தது. வழிநடையாக வந்தவன் தலை வைத்துப் படுக்க, கட்டும்போதே கட்டிவிட்ட தலையணை. கை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ பேர் தலை வைத்ததில் நடுவே லேசாகக் குழிந்து, பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. வாசல் நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி. மஞ்சளும் எண்ணெயும் ஏறி, யானைகளின் துதிக்கை எது, தாமரை எது என்று தெரியாத அளவுக்கு மழுங்கிப்போயிருந்தது. நிலை தாழ்வு. குனியாமல் போக முடியாது. பிறகு ரேழி என்கிற இருட்டான நடை, அதைத் தாண்டிக் கூடம், முற்றத்து வெளிச்சம், கடைசியில் இருட்டிலேயே பெருமாள் உள், அதாவது பூஜை அறை.

"வாசல், இருட்டு, வெளிச்சம், மறுபடியும் இருட்டு. இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள போவீங்க இல்ல, அப்ப எண்ணிப் பாருங்க" என்றார் வழிகாட்டி. இதைக் கேட்டபோது கொஞ்சம் ஜோடித்துச் சொல்கிறாரோ என்று தோன்றியது. உள்ளே போன பிறகு அந்த எண்ணத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. உள்ளே படுத்திருக்கும் பெரிய பெருமாளே கல் இல்லை, சுதைதான். அதனால்தான் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். "நம்ம வீட்டுச் சுவருக்குச் சொந்தக்காரர்" என்று அந்த மாமி சிரித்தார்.

வெளியே வந்தபோது அத்தை பக்கத்து மனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கீழே கார் நிறுத்தும் இடமும் மேலே பால்கனிகளுமாக ஒரு அடுக்ககம்.

"இதுவா அத்தை?"

"இதேதான். கிணறு அந்தத் தூண் இருக்கே, அங்க."

அத்தை பிறந்த வீடு. அப்பா வழி வீடு. நான் பிறப்பதற்கு முன்பே கைமாறிவிட்டது. அத்தையின் கணவர் வடக்கே வேலை பார்த்தார். பிறகு வழக்கு, பாகப் பிரிவினை, மனஸ்தாபம். தன் வீடு இல்லாத தெருவுக்கு வரமாட்டேன் என்று வீம்பாக இருந்தவர், எழுபத்தாறு வயதில் நான் இழுத்து வந்ததால் வந்தார். "பெருமாள் தெருவில எழுந்தருளறச்சே மாடியில நிக்கப்படாதுன்னு பாட்டி கத்துவா. இப்ப பாரு, எத்தனை மாடி!" என்று மட்டும் சொன்னார். உள்ளே விட்ட மாமி, "திண்ணையில செத்த உக்காந்துட்டுப் போங்கோளேன், மோர் தரேன்" என்று கூப்பிட்டார். அத்தை உடனே கிளம்பிவிட்டார். "வேண்டாம்மா, நாழியாயிடுத்து."

கீழ உத்திர வீதியிலிருந்து வெள்ளைக் கோபுரம் வழியாக உள்ளே போனோம். படைத்தலைவன் ஒருவனை மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்து உயிர்விட்ட வெள்ளையம்மாளின் நினைவாக இதற்கு வெள்ளைப் பூச்சு என்பது ஊர்க்கதை. வண்ணம் கொட்டிய மற்ற கோபுரங்களுக்கு நடுவே இது மட்டும் வெளுத்து நிற்பதைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பத்தான் மனம் வருகிறது.

ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 953 தூண்தான் தேறும். எதிரே சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள். முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை, வீரன், அடியில் ஈட்டி வாங்கிய புலி எல்லாம் ஒரே கல். படங்களில் ஆயிரம் தடவை பார்த்ததுதான், அதனால் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: குதிரையின் வாய்க்குள் கையை விட்டால் பற்களுக்குப் பின்னாலும் உளி போயிருக்கிறது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிற்பி நினைக்கவில்லை.

இந்தச் சுற்றின் மதிலுக்கு ஆலிநாடன் என்று பெயர், திருமங்கையாழ்வார் கட்டியதாம். கட்டிக்கொண்டே வந்தபோது தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கிட்டது, பூந்தோட்டத்தை அழிக்க மனமில்லாமல் மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்பார்கள். இந்தக் காலத்தில் ரோடு போடுகிறவர்கள் கேட்க வேண்டிய கதை.

கல் சுட ஆரம்பித்திருந்தது. வேணுகோபாலன் சன்னிதிப் புறச்சுவரில் கண்ணாடி பார்க்கும் பெண்ணையும் வீணைக்காரியையும் காட்டிவிட்டு, கருட மண்டபத்தில் வழிகாட்டி விடைபெற்றார். போகும்போது, "ஆரியபட்டாள் வாசல் தாண்டினதும் அடுத்தது நாழி கேட்டான் வாசல். பேரைக் கவனிங்க மாமி" என்றார்.

அத்தை பயந்தபடியே ஆயிற்று. பூஜா காலம், தரிசனம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். திட்டு விழும் என்று தயாராக இருந்தேன். விழவில்லை. பெரிய கருடன் எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பொண்ணு சொன்னாளே, அம்பது வருஷம் பெருமாள் ஊர்ல இல்லைன்னு" என்றார். "எனக்கு நாப்பத்தொம்பது."

வரிசை நகர்ந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு படி, ஒரு இருட்டு, நடுவில் மேலிருந்து விழுகிற ஒரு துண்டு வானம். அந்த வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொண்டேன். புறப்பாடு முடிந்து திரும்பும் பெருமாளை "ஏன் இவ்வளவு நாழி?" என்று தாயார் கேட்கும் வாசல் என்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அங்கே அத்தை நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "போங்கோ, போங்கோ" என்றார்கள். நிலைக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை.

திருவடி, நீண்ட திருமேனி, முகம். தெற்கே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விளக்கொளியில் கண் பழகுவதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள். தீர்த்தம், சடாரி, கொஞ்சம் துளசி.

ரங்கா ரங்கா கோபுரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார், "ரயில் எத்தனை மணிக்குடா?"

"ராத்திரி பத்துக்கு மேலதான் அத்தை."

"அப்ப நிறைய நாழி இருக்கு. அந்த மாமியாத்துத் திண்ணையில போய்ச் செத்த உக்காரலாம் வா."