பதிவேட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது

சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு ஒரு கம்பெனியின் பாதி ரகசியம் தெரிந்துவிடும். யார் அட்வான்ஸ் வாங்கினார், யாருக்கு சொசைட்டி கடன் பிடித்தம் போகிறது, யாருடைய இன்கிரிமென்ட் சத்தமில்லாமல் நின்றது, எல்லாம் நம் மேஜைக்கு வந்தாக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அந்த வேலையில்தான் பல வருடம் இருந்தேன்.

ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே சம்பளம் என்ற 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்துக்காக அப்போது ‘படிவம் டி’ என்று ஒரு பதிவேடு உண்டு. தொழிலாளர் வகை, வேலையின் சுருக்கம், ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், சம்பள விகிதம் என்று கட்டங்கள். எங்கள் பதிவேட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. ‘ஆபரேட்டர்’ வரியில் பெண்கள் சைபர். ‘ஹெல்பர்’ வரியில் ஆண்கள் சைபர். ஒரே வகையில் இருவரும் இல்லாதபோது யாரை யாரோடு ஒப்பிடுவது? இன்ஸ்பெக்டர் வருவார், புரட்டுவார், கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போவார்.

கீழே இறங்கிப் பார்த்தால் செக்கிங் மேஜை ஒன்றுதான். ரப்பர் வளையத்தை கேஜில் (அளவு பார்க்கும் கருவியில்) வைத்துப் பார்த்து, கோளாறானதை ஒதுக்கி, எண்ணிக்கை எழுத வேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஆபரேட்டர், அந்தப் பக்கம் ஹெல்பர். ஹெல்பருக்கு மட்டும் ஏன் சம்பளம் குறைவு என்று கேட்டால், “அவரு மூட்டை தூக்குவாருல்ல மேடம்” என்பார் சூப்பர்வைசர். மூட்டை எப்போதோ வரும். அதற்கும் ட்ராலி இருந்தது.

மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் பெண் ஸ்டெனோ வழக்கில் 1987-லேயே உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. பெண்கள் அந்தரங்கச் செயலர் வேலை பார்ப்பதால் தனி வகை என்றது நிர்வாகம். கம்பெனியின் நிதி நிலைமை சரியில்லை என்றும் சொல்லிப் பார்த்தது. வேலை ஒத்த தன்மை உடையதா என்பதுதான் கேள்வி, கையில் காசில்லை என்பது பதிலாகாது என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போடத்தான் ஒருவர் துணிய வேண்டும். மாதாந்திரக் கூலியை நம்பி வீட்டு வாடகை கொடுக்கிற பெண்ணிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

இரவு ஷிஃப்ட் விஷயம் இதைவிடச் சிக்கல். தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்க விடவில்லை. பாதுகாப்புக்காகப் போட்ட தடைதான். ஆனால் நைட் அலவன்ஸ் ஆண்களுக்கு மட்டும் போனது. சார்ஜ்ஹேண்ட் (ஒரு குழுவுக்கு மேற்பார்வையாளர்) ஆக நைட் ஷிஃப்ட் அனுபவம் வேண்டும் என்பதால் பதவி உயர்வும் அவர்களுக்கே போனது. 2000-ஆம் ஆண்டு வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளோடு அந்தத் தடையை நீக்கியது. எங்கள் நிர்வாகம் வண்டிச் செலவையும் காவல் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பழையபடியே இருக்கட்டும் என்றது. எல்லாப் பெண்களும் நைட் கேட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். “புள்ளைங்கள யார்க்கா பாத்துப்பா?” என்றவர்கள்தான் அதிகம். ஆனால் வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டபிறகா முடிவெடுத்தார்கள்?

பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஆபீஸுக்கு மாறினேன். ஏசி அறை, ஆங்கில டெசிக்னேஷன். ஹெல்பர், ஆபரேட்டர் பேச்சே இல்லை. இங்கே எல்லாவற்றையும் ஒரே கேள்வி முடித்துவிடுகிறது: “இப்ப என்ன வாங்குறீங்க?” ஒருவர் 40,000 வாங்குகிறார். பிரசவத்துக்குப் பிறகு சில வருடம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர் 30,000 வாங்குகிறார். இருவரையும் ஒரே வேலைக்கு எடுத்து, ஒரே 30 சதவீதம் உயர்த்தினால் 52,000, 39,000. பத்தாயிரமாக இருந்த இடைவெளி பதிமூன்றாயிரம் ஆகிவிட்டது. யாரும் யாரையும் பெண் என்று சொல்லிக் குறைக்கவில்லை.

2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, 1976 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. சம்பளத்திலும் ஆள் எடுப்பதிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று அதில் இல்லை. விண்ணப்பத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதினேன். “அப்புறம் எவ்வளவு கொடுக்கறதுன்னு எப்படி மேடம் தெரியும்?” என்று கேட்டார்கள். இந்த வேலைக்கு எவ்வளவு என்று நாம் முதலில் முடிவு செய்துகொள்ளலாமே என்றேன். பட்ஜெட் மீட்டிங் முடியட்டும், பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது.