நிறுத்தத்திலிருந்து நுழைவாயில் வரை

எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில்தான் அந்தச் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. இருந்தும், முதன்முறை சென்ற நாளில் அதன் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கைப்பேசி வரைபடம் நிறுத்தத்திலிருந்து 350 மீட்டர் என்று காட்டியது. இறங்கியதும் சாலைக்கு மறுபக்கம், சுற்றுச்சுவருக்கு மேலாக, கட்டடத்தின் ஓட்டுக்கூரையும் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் வாயில் இல்லை. சுவரை ஒட்டியே நடந்து, பூட்டிக் கிடந்த ஓர் இரும்புக் கதவின் முன் சிறிது நேரம் நின்று, மீண்டும் நடந்து, எதிர்ப்புறச் சாலையில் இருந்த முகப்பை அடைந்தபோது சீட்டு வழங்கும் நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

வீடு திரும்பியதும் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காரில் வருபவர்கள் எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் படத்துடன் விளக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு, ‘பேருந்து வசதி உண்டு’ என்ற ஒரே வரி. எந்தத் தடம், எந்த நிறுத்தம், இறங்கியபின் எந்தப் பக்கம் நடப்பது என்ற எதுவும் அதில் இல்லை. ஓர் ஊரின் பழம்பொருள்களை அந்த ஊர் மக்களுக்காகவே காத்துவைத்திருக்கும் இடத்துக்கு, பேருந்தில் வருகிற பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் வழி கேட்டு அலைய நேர்வது சரியல்ல என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

வரைபடத்தை மட்டும் நம்பிப் புறப்படுவது ஏன் பிழையாகிறது என்பதைப் பின்னர் புரிந்துகொண்டேன். பெரிய வளாகங்களுக்கான குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில்தான் குத்தப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியது வாயில். ஆகவே பெயரைத் தேடுவதோடு நில்லாமல், படத்தைப் பெரிதாக்கி, பார்வையாளர் நுழையும் வாயில் எந்தச் சாலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே குறி வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நிறுத்தத்தின் பெயரும் ஏமாற்றக்கூடும். பாரிஸில் உள்ள புகழ்பெற்ற லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெயரில், அந்நகர மெட்ரோவில் லூவ்ர்–ரிவோலி என்றொரு நிலையம் உண்டு. 1968இல் அதன் நடைமேடையில் அருங்காட்சியகச் சிற்பங்களின் நகல்களையே வைத்து அழகுபடுத்தினார்கள். ஆயினும் கண்ணாடிப் பிரமிடு வழியாக லூவ்ருக்குள் நுழைய விரும்புபவர், அதற்கு அடுத்த பலே ரொயால் நிலையத்தில் இறங்குவதுதான் வசதி. பெயர் பொருந்தும் நிறுத்தம் வேறு, வாயிலுக்கு அருகில் இருக்கும் நிறுத்தம் வேறு.

நடப்பவர்களுக்காகவே சிந்தித்துச் செய்த ஏற்பாடுகளும் உலகில் இருக்கின்றன. லண்டனில் சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து அங்குள்ள அருங்காட்சியகங்களை நோக்கிச் செல்லும் நடைச் சுரங்கப்பாதை 1885இல் கட்டப்பட்டது. தொடக்கத்தில் கட்டணம் செலுத்தியே அதில் நடக்க முடிந்தது. 1908இல் அது எல்லோருக்கும் இலவசமாயிற்று. மழையிலும் வாகன நெரிசலிலும் சிக்காமல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பக்கம் போய்ச் சேர இன்றும் மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதே 1885இல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே. கட்டடக் கலைஞர் பியர் கௌப்பர்ஸ் அந்த மாளிகையின் நடுவயிற்றைத் துளைத்தாற்போல ஒரு பொதுவழியை அமைத்திருந்தார். நூறாண்டுக்கும் மேலாக நகர மக்கள் ஓவியக் கூடங்களுக்கு அடியில் போய்வந்துகொண்டிருந்தார்கள். பெரும் புதுப்பிப்புப் பணியின்போது, அந்த வழியிலேயே நுழைவாயிலை அமைத்து மிதிவண்டிகளுக்கான இடத்தைக் குறைக்கும் திட்டம் வந்தது. மிதிவண்டி ஓட்டுபவர்களின் சங்கம் விடாமல் எதிர்த்தது. நீண்ட வாதத்துக்குப் பிறகு 2013இல் அவ்வழி மிதிவண்டிகளுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. மக்கள் அன்றாடம் கடந்துபோகிற பாதையே ஓர் அருங்காட்சியகத்தின் ஊடாகச் செல்வது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம் அருகில் உள்ள சிறு அருங்காட்சியகத்துக்குச் சுரங்கமும் வேண்டாம், மாளிகையின் நடுவே வழியும் வேண்டாம். மிதிவண்டியைப் பூட்ட ஓர் உறுதியான கம்பி போதும். முன்சக்கரத்தை மட்டும் கவ்விக்கொள்ளும் தாழ்ந்த பிடிப்பான்களில் வண்டி சாய்ந்தால் சக்கரம் கோணிவிடும். சட்டத்தைப் பூட்டவும் வழியிருக்காது. தலைகீழ் ‘ப’ போல வளைத்துத் தரையில் பதித்த குழாய் ஒன்றிருந்தால் சட்டத்தையும் சக்கரத்தையும் ஒருசேரப் பூட்டலாம். அது கட்டடத்தின் பின்புறத்தில் அல்லாமல், காவலர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்வை படும்படி இருக்க வேண்டும். தலைக்கவசத்தையும் முதுகுப்பையையும் வைக்க உள்ளே ஓர் அலமாரி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய பைகளைக் காட்சிக்கூடத்துக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

இரண்டாம் முறை நான் மிதிவண்டியில் சென்றேன். சீராக மிதித்தால் 5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம் போதும். நிறுத்தத்தைக் கடந்து சற்றுத் தூரத்தில், சாலையோரப் புற்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றிருந்தது. இறங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் செதுக்கிச் சமப்படுத்தப்பட்டு, அதில் எழுத்துகள் தேய்ந்து, விரலால் தடவினால் மட்டும் இரண்டு கோடுகள் தட்டுப்பட்டன. உள்ளே இரண்டாவது அறையில், அதே கருநிறத்தில், அதே உயரத்தில், எழுத்துகள் தெளிவாக உள்ள மற்றொரு கல்லைக் கண்டேன். பழைய சாலையின் தொலைவுக்கல் என்று விளக்க அட்டை சொன்னது. இதற்கு இணையான கல்லைத்தான் வழியில் தொட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று உணர்ந்தபோது, அட்டையிலிருந்த சொற்களுக்கெல்லாம் உயிர் வந்தது. காரில் வந்திருந்தால் அந்தக் கல் கண்ணிலேயே பட்டிருக்காது.

நடந்து வருவதில் கணக்குப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பார்வையாளர் குனிந்தும் எட்டியும் வளைந்தும் பொருள்களைப் பார்க்க நேர்வதைப் புகைப்படங்களால் காட்டி, ‘அருங்காட்சியகச் சோர்வு’ பற்றி 1916இல் எழுதினார். உள்ளே அவ்வளவு உழைப்பு காத்திருக்கும்போது வெளியிலேயே கால்கள் தளர்ந்துவிடக்கூடாது. நடுத்தர வேகத்தில் 400 மீட்டருக்கு ஐந்து நிமிடம் என்பார்கள். குழந்தையோ முதியவரோ உடன் வந்தால் அதை இரு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களில் பேருந்துகள் குறைவாக ஓடும் என்பதால், திரும்பிச் செல்லும் வண்டியின் நேரத்தையும் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் நானே ஒரு தாளில் வழிக்குறிப்பை எழுதி எடுத்துச் சென்றேன்: எந்த நிறுத்தத்தில் இறங்குவது, சாலையை எங்கே கடப்பது, சுவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், வாயிலுக்கு எத்தனை நிமிடம், எந்த இடத்தில் படி குறுக்கிடுகிறது. சீட்டு வழங்குபவர் அதைப் படித்துவிட்டு வாயிற்காவலரிடம் நீட்டினார். அவர் நிதானமாக வாசித்தார். பிறகு, “மழை பெய்தால் சுவர் ஓரம் முழுவதும் தண்ணீர் நிற்கும், ஐயா. எதிர்ப்பக்கமாக வந்து, கடைசியில் கடக்கச் சொல்லுங்கள்” என்றார். பல ஆண்டுகளாக அதே நிறுத்தத்தில் இறங்கித்தான் அவர் வேலைக்கு வருகிறாராம். அந்த வரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்; இப்போது அந்தத் தாள் சீட்டு வழங்கும் சாளரத்தின் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது.