கிடாயின் நாற்றமும் மறியாட்டின் மூளையும்

எங்கள் பக்கத்தில் இப்போது பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளை முறுக்கினாலும் ஓமோன், பதினாறு வயதுப் பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாலும் ஓமோன். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வரும். ஓமோன் என்றால் சாராயம் மாதிரி, ஏறினால் ஆட்டுவிக்கும், இறங்கினால் அடங்கும் என்று நினைக்கிறார்கள். வளவில் ஆடு கட்டி வளர்க்கிற சனத்துக்கும் இதே எண்ணம்!

எங்கள் கொட்டிலில் ஜமுனாபாரிக் கலப்பு மறி ஒன்று நிற்கிறது. மூன்று கிழமைக்கு ஒருமுறை கிடாய்க்குக் கத்தும். அந்த ஒன்றிரண்டு நாளும் பூவரசங்குழையை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும், வாலை ஓயாமல் ஆட்டும். புத்தூர்ப் பக்கம் கிடாய் வைத்திருக்கிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோவோம். படலைக்கு வருமுன்னமே நாற்றம் வந்துவிடும். கிடாய் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் அடித்துக்கொள்ளும். மறி மூத்திரம் பெய்தால் அதில் மூக்கை வைத்து, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தபடி நிற்கும். சிரிக்கிறது என்று என் மகள் சொல்வாள். உண்மையில் அது மேல்வாயில் இருக்கிற யாக்கோப்சன் அங்கத்துக்கு மணத்தை ஏற்றுகிற வேலை.

அதே மறியைச் சில நாள் கழித்துக் கொண்டுபோனால் கிடாயைக் கிட்ட அண்டவிடாது. கிடாயும் அதேதான், நாற்றமும் அதேதான். மாறியிருப்பது மறியின் மூளை.

சூலகத்தில் சுரக்கிற ஈஸ்திரஜன் என்ற ஓமோன் இரத்தத்தோடு மூளைக்குப் போய், பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கலங்களுக்குள் நுழைந்து, ஓமோனைப் பிடித்துக்கொள்கிற வாங்கிகளோடு சேர்ந்து, பரம்பரையலகுகளை இயங்க வைக்கிறது. அதற்கு நேரம் எடுக்கும். எலியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். சூலகம் அகற்றிய பெண் எலிக்கு முதலில் ஈஸ்திரஜன் கொடுத்தால், பரிவகக்கீழின் ஒரு பகுதியில் சூலகத்தின் மற்ற ஓமோனான புரோஜெஸ்தரோனுக்கான வாங்கிகள் பெருகும். ஒன்றிரண்டு நாள் கழித்துப் புரோஜெஸ்தரோன் கொடுத்தால், சில மணித்தியாலத்தில் ஆண் எலி ஏறும்போது முதுகை வளைத்து இடம்கொடுக்கும். புரோஜெஸ்தரோனை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. செம்மறியில் இந்த ஒழுங்கு தலைகீழ்: முதலில் புரோஜெஸ்தரோன், பிறகுதான் ஈஸ்திரஜன். எவ்வளவு ஊறியது என்பதோடு எது முந்தியது என்பதையும் மூளை பார்க்கிறது.

ஆண் பக்கம் இன்னும் வேடிக்கை. எலி, காடை போன்றவற்றில் விதையில் சுரக்கிற தெஸ்தெஸ்தரோன் மூளைக்குப் போனதும், அரோமற்றேஸ் என்ற நொதியம் அதில் ஒரு பங்கை ஈஸ்திரஜனாக மாற்றிவிடுகிறது. பரிவகக்கீழின் முன்பக்கத்தில் ஆணின் புணர்ச்சி நடத்தையை இயக்குவதில் அந்த ஈஸ்திரஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பெடியள் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள்.

சரி, ஓமோன் கூடக் குறைய இருப்பதால்தானே ஒரு கிடாய் துள்ளுது, இன்னொன்று சும்மா நிற்குது என்று கேட்கலாம். நலமடித்த, அதாவது விதையை நீக்கிய, கிடாய் அடங்குவது ஊரறிந்த விஷயம். 1849இல் ஜெர்மனியில் பேர்த்தோல்ட் என்பவர் சேவல்களின் விதையை எடுத்து வயிற்றுக்குள் வேறிடத்தில் பதித்தார். நரம்புத் தொடர்பு அறுந்தும் கொண்டை வளர்ந்தது, சேவல் கூவியது, பேட்டை மிதித்தது. ஆனால் எனக்குப் பிடித்த பரிசோதனை 1952இல் கிரன்ற், யங் என்ற இருவர் கினிப்பன்றிகளில் செய்தது. புணர்ச்சியில் வேகம் கூடியது, நடுத்தரம், மந்தம் என்று ஆண்களைப் பிரித்து, எல்லாவற்றையும் நலமடித்தார்கள். எல்லாம் அடங்கின. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தெஸ்தெஸ்தரோன் கொடுத்தார்கள். வேகமானது பழைய வேகத்துக்கு வந்தது, மந்தமானது மந்தமாகவே நின்றது! ஊசியில் இருந்தது ஒன்றுதான். அதை ஏற்றுக்கொண்ட உடம்புகள்தான் வேறு வேறு.

ஓமோனுக்கும் நடத்தைக்கும் இடையில் போக்குவரத்து ஒருபக்கம் மட்டும் இல்லை. மறி நெடுநாளாகக் கத்தவில்லை என்று சொன்னதற்குப் புத்தூர் ஐயா, "கிடாயைக் கிட்டக் கொண்டுவந்து கட்டுங்கோ பிள்ளை, தானாக் கத்தும்" என்றார். அவர் எந்தப் புத்தகமும் படித்துச் சொல்லவில்லை. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாய்களின் தலையில் தொப்பி மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் பிடித்த மணத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். நாலு-எதில்ஒக்ரனல் என்ற சேர்வை அகப்பட்டது. நலமடித்த கிடாயில் அது இல்லை. பெண் ஆட்டுக்கு அதை முகரக் கொடுத்தால், சூலகத்தைத் தூண்டுகிற ஓமோன் தொடரைத் தொடக்கிவைக்கிற பரிவகக்கீழ் நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அதாவது கிடாயின் ஓமோன் அதன் தோலில் மணமாகி, அந்த மணம் மறியின் ஓமோனை மாற்றுகிறது.

புறாவில் மணம்கூட வேண்டாம். அமெரிக்காவில் லேர்மன் என்பவரின் ஆய்வுகூடத்தில், கண்ணாடிக்கு அப்பால் ஆண் புறா குனிந்து குனிந்து கூவுவதைப் பார்த்தே பெண் புறாவின் சூலகம் வளர்ந்தது. நலமடித்த ஆணை வைத்தால் அவ்வளவு வளரவில்லை. அங்கேயே பிறகு மெய்-பாங் செங் என்ற பெண்மணி ஒருபடி மேலே போனார். பெண் புறாவைக் கூவமுடியாமல் செய்தால், ஆண் பக்கத்தில் நின்றாலும் சூலகம் சரியாக வளராது. அதன் கூவலையே பதிவுசெய்து போட்டுக் காட்டினால் வளரும். ஆணின் ஆட்டத்தைப் பார்த்துப் பெண் கூவுகிறது, தன் குரலைத் தானே கேட்டுத்தான் முட்டைக்குத் தயாராகிறது.

இந்தப் புறாக் கதை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. பரீட்சைக்கு வராததைச் சொல்லி நேரத்தைப் போக்காட்டுகிறேன் என்று ஒரு தாய் முறைப்பட்டிருக்கிறா. அவவின் மகன்தான் அடுத்த வகுப்பில், குயிலிலும் இப்படித்தானா மிஸ் என்று கேட்டது.